மூடுபனியில் மருமகளைத் தேடிப் போனேன்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பா, உன் தம்பி, தம்பி பெண்டாட்டி, நான், நாலு பேரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, மழை வரப்போகிறது என்று ரேடியோ சொல்வதற்கு முன்னால் அவர் முழங்கால் சொல்லிவிடுகிறது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேச வேண்டுமென்றால் சிக்னல் கிடைக்கிற கல்மேட்டுக்கு நான் ஏற வேண்டும், ஏறினாலும் பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிடுகிறது, மீதிப் பாதிக்கு நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இது சரிம்மா போட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக, வரி ஏறியும் இறங்கியும் இருந்தால் சிரிக்காதே, காரணம் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இந்த நீர்த்தேக்கத்துக்கு மாற்றல் வந்ததே நீ வெளிநாடு போன பிறகுதான், இந்த இடத்தை நீ கண்ணால் பார்த்ததில்லை. அதைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது உனக்குப் புரியும். வீட்டை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் தண்ணீர், மற்ற எல்லாப் பக்கமும் மேடு. மேடு என்றதும் மலை என்று நினைத்துக்கொள்ளாதே, மூச்சு வாங்க ஏறி முடித்த பிறகு நீட்டிப் படுத்த மாதிரி கிடக்கிற வெற்று நிலம், அவ்வளவுதான். மரம் என்று சொல்ல ஒன்று கிடையாது, காற்று விட்டால்தானே. புல்லும் முழங்கால் உயரப் புதரும்தான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. வெயில் காலம் முடிகிற சமயத்தில் அந்தப் புதரெல்லாம் ஊதாப் பூவாகப் பூத்துத் தள்ளும், பார்க்கிற நமக்கே வெட்கமாக இருக்கும், இத்தனை நாள் இதைப் போய் ஒன்றுமில்லாத இடம் என்று சொன்னோமே என்று. மற்ற மாதங்களில் எண்ணெய் காணாத செம்பட்டைத் தலை மாதிரி ஒரு நிறம். மண் கறுப்பு, ஈரத்தில் ஊறி ஊறி, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி எழும். எங்கே பச்சை கண்ணைப் பறிக்கிறதோ அங்கே காலை வைக்கக் கூடாது, அது வெறும் பாசி, கீழே சேறுதான். அந்த மண்ணில் ஊறி வருவதால் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், வடிகட்டிக் காய்ச்சினால் ஒன்றும் செய்யாது. உன் தம்பி பெண்டாட்டி வந்த புதிதில் ஒரு டம்ளர் கொடுத்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "சக்கரை போட்டாச்சா அத்தை?" என்றாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியாமல் நான் முழித்தேன். தரையில் முட்டை இடுகிற பறவை ஒன்று இருக்கிறது, ஆள் கிட்டே போனால் இறக்கை ஒடிந்த மாதிரி நொண்டி நொண்டி நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கூட்டை விட்டுத் தள்ளி வந்துவிட்டோம் என்று அதற்குத் தெரிந்ததும் ஜம்மென்று பறந்துவிடும். அப்பா ஒவ்வொரு வருஷமும் ஏமாறுகிறார், ஒவ்வொரு வருஷமும் "பாவம், அடிபட்டிருக்கு" என்று வந்து சொல்கிறார். சத்தமே இல்லாத நாட்களில் காது போய்விட்டதோ என்று நானே தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வேன். காலமெல்லாம் அடுத்த வீட்டுக் குழாய்ச் சத்தத்தையும் மாடி வீட்டுச் செருப்புச் சத்தத்தையும் கேட்டே வாழ்ந்தவளுக்கு இது பிடித்துப்போய்விட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை, அதை நான் புரிந்துகொண்ட கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் தம்பி பெண்டாட்டி கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் என்று உனக்குத் தெரியும். நாள் முழுக்க வருகிறவர் போகிறவரோடு பேசிப் பழகிய வாய். இங்கே பேச்சுக்கு நான், அதை விட்டால் வேனில் சாமான் கொண்டுவருகிற ஆள், எப்போதாவது ஆட்டுக்காரர், அவரும் ஆடுகளோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு பேச மாட்டார். உன் தம்பி பம்ப் அறைக்குள் போனால் உலகத்தை மறந்துவிடுவான், உனக்குத் தெரியாததா. அதனால் அவள் சாயங்காலம் ஆனால் போனை எடுத்துக்கொண்டு கல்மேட்டுக்குப் போய்விடுவாள். ஏதோ பிறந்த வீட்டு ஏக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் கழுவி வைத்த தட்டை அவள் எடுத்து மறுபடி கழுவினாள். முதல் தடவை இல்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்து வந்தேன். அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, நான் கழுவினா அழுக்கு போகாதோ?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். நானும் போகட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பள்ளத்துப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வருகிறது. இங்கே அது வானத்திலிருந்து இறங்குவதில்லை, அடுப்பில் மறந்துபோன பால் மாதிரி கீழேயிருந்து பொங்கி வரும். அப்பாவும் தம்பியும் அந்தக் கோடியில் மதகடியில் இருந்தார்கள், பம்ப் ஓடுகிற சத்தத்தில் நான் கத்தினால் கேட்காது. கல்மேட்டுக்குப் போகிற தடம் ஆடு நடந்து விழுந்த தடம், அங்கங்கே வெள்ளை அடித்த இரும்புக் கம்பி நட்டிருக்கிறார்கள், ஒரு கம்பியில் நின்று அடுத்த கம்பியைப் பார்த்து நடக்க வேண்டும். பனி மூடினால் கம்பியும் தெரியாது, தடமும் தெரியாது.

ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டேன், அப்பா மதகில் பாசி தள்ளுகிற நீளக் கழியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தட்டைத் தட்டுவேன், நிற்பேன், காது கொடுப்பேன், மறுபடி தட்டுவேன். நீட்டின கை எனக்கே தெரியவில்லை. பனிக்குள்ளே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது, நான் தட்டுவது எனக்கே வேறு யாரோ தட்டுகிற மாதிரி கேட்டது. கழியைத் தரையில் குத்திக் குத்தி, கெட்டியாக இருந்தால் அடி எடுத்து வைத்தேன். பயந்தேனா என்று கேட்டால் பயந்தேன். என் பயமெல்லாம் அவள் கோபத்தோடு போனாளே என்பதுதான், கோபத்தில் போகிறவர்களுக்குக் கால் எங்கே படுகிறது என்று தெரியாதே. கடைசியில் "அத்தை, இங்க, இங்க!" என்று குரல் கேட்டது. கேட்ட பக்கம் போனால் குரல் பின்னால் போகிறது. "பேசிக்கிட்டே இரும்மா, நிறுத்தாதே" என்று கத்தினேன். அவளுக்கு என்ன பேசுவது என்று தோன்றவில்லை போலிருக்கிறது, "வாங்க சார், பிரேம் பாக்கறீங்களா, இது புதுசா வந்தது, மூக்குல தழும்பு விழாது" என்று கடையில் சொல்கிறதையெல்லாம் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஒரு கால் தொடை வரைக்கும் பாசிக்குள் இறங்கியிருந்தது. இழுக்க இழுக்க உள்ளே போகுது அத்தை என்றாள். இழுக்காதே, முன்னால் சாய்ந்து படு என்றேன், கழியைக் குறுக்கே போட்டேன், அவள் அதன்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டாள், நான் புதரில் காலை உதைத்துக்கொண்டு அவள் கைகளைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டாள். செருப்பு வரவில்லை.

அதற்கப்புறம்தான் என் கையும் காலும் ஆட ஆரம்பித்தன, நிறுத்த முடியவில்லை. அவள்தான் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஆடுகள் காற்றுக்கு ஒதுங்க ஆட்டுக்காரர் அடுக்கிய கல் சுவர் ஒன்று தட்டுப்பட்டது, பனி விலகுகிற வரைக்கும் அங்கேயே இருக்கலாம் என்று ஒட்டி உட்கார்ந்துவிட்டோம். என் நடுக்கத்தைப் பார்த்து அவள் கடைக் கதை சொல்ல ஆரம்பித்தாள். பெண்டாட்டியோடு வந்து அவள் சொன்ன பிரேமை வாங்கிக்கொண்டு போகிற ஒருவர், மறுநாள் தனியாக வந்து தனக்குப் பிடித்ததை மாற்றிக்கொண்டு போவாராம், அதற்கு மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து பழையதையே வாங்கிக்கொண்டு போவார்களாம். நான் சிரித்துவிட்டேன். சிரித்த சூட்டில் தட்டு விஷயம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள், "அத்தை, உங்களுக்கு வெள்ளெழுத்து. கிட்ட இருக்கறது தெரியல. தட்டுல ஒட்டியிருக்கறது உங்களுக்குத் தெரியவே இல்ல. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு நானே கழுவி வெச்சேன்." இத்தனை நாளும் எழுத்தெல்லாம் மங்கலாக அச்சடிக்கிறார்கள் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதம் இப்படிக் கோணலாக வருவதும் அதனால்தான்.

அப்புறம் அவளே மெதுவாக மற்றதைச் சொன்னாள். பழைய கடைக்காரர் அவளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். டவுனிலேயே தம்பிக்கும் குடிநீர் வாரியத்தில் வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. அவனுக்கும் ஆசைதான். ஆனால் நீ அவனிடம் போனில், "நீயும் போயிட்டா அம்மா அப்பாவ யாருடா பாப்பாங்க" என்று கேட்டாயாம், அவன் போக மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டானாம். அதிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறானாம். "அவரோட அண்ணன் மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்னுதான் உங்ககிட்ட சொல்லல" என்றாள். அவள் அழவில்லை, குறையும் சொல்லவில்லை, சேறு காய்ந்த காலைப் புல்லால் துடைத்துக்கொண்டே சொன்னாள். பனி விலகி முதல் வெள்ளைக் கம்பி தெரிந்ததும் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நம்மள பாத்துக்கறதுக்கு நம்ம என்ன கண்ணாடி பொம்மையா, போகட்டும்" என்றார். அடுத்த மூச்சில், "ஆனா பம்ப் மக்கர் பண்ணா யாரு பாக்கறது?" என்றார். மனுஷனுக்குப் பம்ப்தான் கவலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு வெளியே எட்டிப் பார்த்தேன், தம்பியின் பைக்கை ஒரு துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. நான் உள்ளே வந்துவிட்டேன். தம்பியைக் கூப்பிட்டு நாங்கள் இரண்டு பேருமே போ என்று சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்மா" என்கிறான். திரும்பத் திரும்ப அதுதான். சின்ன வயதில் நீ ஆற்றங்கரையில் இங்கேயே நில்லுடா என்று சொல்லிவிட்டு விளையாடப் போய், மழை கொட்டியும் நகராமல் நின்றானே, அதே பிள்ளைதான்.

கண்ணு, நான் உன்மேல் கோபமாக இல்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்குப் பெற்றவர்களைப் பற்றிக் கவலை இருக்காதா. ஆனால் நீ அங்கே நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக அவன் இங்கே கட்டிப்போட்ட மாதிரி கிடக்க வேண்டாம். நீ கிளம்பின அன்றைக்கு எங்களை யார் பார்ப்பது என்று நாங்கள் உன்னைக் கேட்கவில்லை, அவனையும் கேட்கப் போவதில்லை. அப்பாவுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது, வேன் வாரா வாரம் வருகிறது, டவுன் ஒன்றும் கடல் தாண்டி இல்லை, பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் அவன் வீட்டில் இருப்பேன். அவர்கள் போனால் வீடு வெறிச்சென்று இருக்கும்தான், இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

அதனால் இதைப் படித்ததும் நீ ஒன்று செய்ய வேண்டும். தம்பி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் கல்மேட்டில் இருப்பான், நீயே கூப்பிடு. அம்மா எழுதினாள் என்று ஆரம்பிக்காதே, அறிவுரையும் சொல்லாதே. முதலில் சாப்பிட்டியா என்று கேள். அங்கேயிருந்தே எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, உன்னால் முடியாது, அது அவனுக்கும் தெரியும். "போயிட்டு வாடா" என்று சொல், போதும். நீ சொன்னால்தான் அவன் கால் நகரும்.

குட்டிக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரியை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே. காற்று பலமாக இருக்கும், கொஞ்சம் சத்தமாகவே சொல்.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்ற
அம்மா