மாப்பிள்ளை காணாமற்போன வழக்கு: முதல் சந்தேக நபர் அளிக்கும் மனு

அனுப்புநர்:
‘கத்திரி அண்ணன்’ என்று தெருவே அழைக்கும் முடிதிருத்துநர்,
இடப்பக்கக் கடை, பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: என் தங்கை கணவர் காணாமற்போன வழக்கை முடித்துவிடாமல் தொடர்ந்து தேட வேண்டுதல் – இதுவரை சொல்லாத தகவல் ஒன்றைச் சேர்த்தல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

1. காணாமற்போனவர் என் தங்கை கணவர் (இம்மனுவில் இனி ‘மாப்பிள்ளை’). அவரும் முடிதிருத்துநரே. ஒன்றாக இருந்த கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிக்கொண்டோம். பத்தொன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் மின்விசிறி. வேகமாக வைத்தால் வெட்டிய முடி டீ கிளாஸில் விழுகிறது என்றேன் நான். குறைத்தால் வாடிக்கையாளருக்கு வேர்க்கிறது என்றார் அவர். இரண்டும் உண்மைதான், ஐயா.

2. கடந்த ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை மதியம், கடையைப் பூட்டாமல் வெளியே போனவர் திரும்பவில்லை. அவர் சுயவிருப்பத்தில் சென்றிருக்கலாம் என்றும், இம்மாத இறுதியில் வழக்கு முடிக்கப்படும் என்றும் ஆய்வாளர் என் தங்கைக்குக் கடிதம் அனுப்பியுள்ளார். அதற்குமேல் அவரைத் தேட ஒரு நாதி இருக்காது. ஆகவே சந்தேகத்துக்குரியவர்களை நானே அலசிவிட்டேன். அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்தருளவும்.

3. கட்டட உரிமையாளர்: இரு கடைகளையும் இடித்து ஜிம் கட்ட ஆசைப்படுபவர். நோக்கம் உண்டு. ஆனால் அதற்கு இருவரையும் அல்லவா ஒழிக்க வேண்டும்? நான் குத்துக்கல் மாதிரி இங்கேயேதான் இருக்கிறேன். தவிர, கரப்பான்பூச்சி அடிக்கவே அவருக்கு ஆள் வர வேண்டும்.

4. தபால்காரர்: பதவி உயர்வுக்குப் புகைப்படம் எடுக்கப் போகும் அன்று, அவருடைய மீசையில் பாதியை மாப்பிள்ளை கைதவறி எடுத்துவிட்டார். சும்மா விடமாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தினார் தபால்காரர். ஆனால் மீசை போனதில் பத்து வயது குறைந்துவிட்டது என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மீசையே வைப்பதில்லை. பகையும் இல்லை.

5. வேறொரு பெண்ணோடு போய்விட்டார் என்பது தெருவின் கட்சி. இதைத் தொழில்முறையில் மறுக்கிறேன். மாப்பிள்ளைக்குக் காதோரம் முழுக்க நரை. போவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் சாயப் புட்டியைத் தூக்கிக் காட்டியபோது வேண்டாம் என்று கையை ஆட்டினார். புதுக் காதலியோடு கிளம்புகிற எந்த ஆம்பிளை சாயத்தை வேண்டாம் என்பான்?

6. பேச்சில்லாத எனக்கு அவர் தலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். தன் பின்னந்தலையைத் தானே வெட்டிக்கொள்ள எந்த முடிதிருத்துநராலும் ஆகாது. தெருவில் வேறு கடையும் இல்லை. எனவே மாதத்தின் முதல் திங்களன்று அவர் என் நாற்காலியில் உட்காருவார். பிறகு நான் அவர் நாற்காலியில். இருநூறு தடவைக்கு மேல், ஒரு வார்த்தை இல்லாமல். இதனால்தான் ஆய்வாளரின் பட்டியலில் என் பெயர் முதலில் உள்ளது. வாஸ்தவம். கோபமும் இருந்தது, கையில் சவரக்கத்தியும் இருந்தது. ஆனால் அந்த மனிதர் என்னிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்குவார், ஐயா, குறட்டை வேறு. உங்கள் அறிவிப்பில் அங்க அடையாளம் ஏதுமில்லை என்று போட்டிருக்கிறார்கள். உச்சியில் இரட்டைச் சுழி, இடது காதுக்குப் பின்னால் மிளகளவு மச்சம். தயவுசெய்து எழுதிக்கொள்ளவும்.

7. இனி, சொல்லாத தகவல். அந்தக் கடைசித் திங்களன்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மச்சான், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும் என்றார். நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். அவர் மறுபடி சொல்லவில்லை. பிறகு என் தலையை வழக்கம்போல் ஒழுங்காகவே வெட்டிவிட்டார். உடம்புக்கு முடியாமல் இருந்ததோ, யாருக்காவது பயந்தாரோ, எனக்குத் தெரியாது. சண்டை உண்டா என்று மட்டுமே ஆய்வாளர் கேட்டார். நானும் அதற்கு மட்டுமே பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எட்டு மாதமாக இதை மறைத்துவிட்டேன்.

8. என் தங்கை என்னைக் கொலைகாரன் என்று நினைத்துக் கதவைத் திறப்பதில்லை. நான் கொல்லவில்லை. ஆனால் ரேடியோ விஷயத்தை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே, மேற்படி அடையாளங்களை அறிவிப்பில் சேர்த்து, மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் விசாரித்து, வழக்கைத் திறந்தே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னை எத்தனை முறை விசாரணைக்கு அழைத்தாலும் வருவேன். அவர் உயிரோடு கிடைத்தால் அவரைத் திரும்பி வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். சொல்ல வந்ததைக் கேட்க மச்சான் காத்திருக்கிறான் என்று தெரிவித்தால் போதும்.

இடம்: என் கடை
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
மாப்பிள்ளையின் மச்சான்

நகல்: என் தங்கைக்கு, கதவுக்கு அடியில்.