முதுகில் போட்ட கோடு

ஆரோக்கியம்,

உன் தம்பி கார் கொண்டுவந்துவிட்டான். நீ மீன் விற்று வரும்வரை இருந்தால் சிதம்பரம் போக நேரமாகிவிடும். கஞ்சி மூடி வைத்திருக்கிறேன், வந்ததும் குடி.

ஆஸ்பத்திரியில் கேன்சருக்குக் கரண்ட் வைக்க அடையாளமாய் முதுகில் போட்ட கோட்டை வேளாங்கண்ணி எண்ணெய் தேய்த்து அழித்துவிட்டாய் என்று நேற்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மறுபடி போட்டுக்கொள்ளலாமாம்.

“இந்தக் கரண்ட் எலும்பு வலிக்குத்தாங்க, நோய் இதுல போவாது” என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். உன்னிடம் நான்தான் சொல்லவில்லை.

சாயந்தரம் பங்குச்சாமி ஜெபம் பண்ண வருவார். டீ போட்டுக் கொடு.

சாமிக்கண்ணு

பி.கு: நோய் தீரணும் என்று ஆண்டவரிடம் கேட்கும்படி அவரிடம் சொல்லாதே. நான் மல்லாந்து படுத்துத் தூங்கணும், அதை மட்டும் கேட்கச் சொல். நீயும் அதையே கேள்.