இரட்டைப் பாறையைக் கடக்கும்போது

அன்பு மகன் கிளீட்டோனுக்கு,

சகிந்தோஸ் தீவிலிருந்து உன் அம்மா மெலிட்டே. நானும் உன் ஆடுகளும் உயிரோடு இருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல, துணி விற்க வந்த பெனிக்கிய நாட்டு வணிகர் இதை எழுதுகிறார். அழாமல் சொல்லும்படி அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஒலிவ விளைச்சல் இந்த வருஷம் சுமார்தான். உன் மாமா இன்னும் அந்தப் பன்றிப்பண்ணைக்காரனைக் கட்டிக்கொள் என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறார். அப்பாவைத் தேடி நீ கடல் தாண்டிப் பைலோஸ் நகருக்குப் போயிருப்பதால் சற்று வாயை மூடியிருக்கிறார். நீ திரும்பட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போருக்குப் போன உன் அப்பாவைப் பார்த்ததாகச் சொல்லி வருகிற ஊர்சுற்றிகள் இன்னும் நிற்கவில்லை. ஒருவன் எகிப்தில் பார்த்தானாம், இன்னொருவன் கிரீட்டில். அடுத்த அமாவாசைக்குள் வந்துவிடுவார் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சாப்பாடும் ஒரு கம்பளிப் போர்வையும் கொடுத்து அனுப்புகிறேன். "பொய்க்குக் கூலி குடுக்குறியேம்மா" என்று நீ கத்துவாய். பொய்யென்று எனக்குத் தெரியாதா? மைரோன் என்ற உன் அப்பாவின் பெயரை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு வேறு வழியில்லை, கண்ணே.

போன வாரம் ஒருவர் வந்தார். கையில் இரண்டு விரல் இல்லை. வழக்கப்படி சாப்பாடு போட்டுவிட்டுத்தான் யாரென்று கேட்டேன். உன் அப்பா திரும்பி வந்த கப்பலில் அவரும் துடுப்புப் போட்டவராம். கப்பல் உடைந்த பிறகு இவரைக் கரையில் கண்டவர்கள் அடிமையாக விற்றுவிட்டார்கள். இப்போதுதான் விடுபட்டிருக்கிறார்.

"அக்கா, அவரு வரமாட்டாரு. என் கையைப் புடிச்சிக்கிட்டுதான் இருந்தாரு. அலை பிரிச்சிடுச்சு" என்றார்.

போர்வையை எடுத்து நீட்டினேன். இதற்காக வரவில்லை என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாடைக்காற்றில் வெறும் தோளோடு போனார். போர்வை வேண்டுமென்றால் உயிரோடிருக்கிறார் என்றல்லவா சொல்லியிருப்பார்?

இன்னொன்றும் சொன்னார். கப்பலேறும் அன்று கைக்குழந்தையான நீ அப்பாவின் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். அதை உன் அப்பா வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பிடியை அன்று நான் விடுவிக்காமல் இருந்திருக்கலாம்.

கப்பல் உடைந்தது தூரத்தில் இல்லை, மகனே. இரட்டைப் பாறையில். நம் தீவின் நெருப்பு வெளிச்சம் தெரிந்ததாம். போகும்போது நீ அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறாய்.

ஆகவே இனி யாரிடமும் விசாரிக்காதே. பைலோஸில் யார் என்ன சொன்னாலும் நம்பாதே. உன் மாமாவிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை. நீ வந்தபின்தான் அப்பாவின் நினைவுக்கு மண்மேடு எழுப்ப வேண்டும்.

திரும்பும்போது இரட்டைப் பாறையருகே துடுப்பை நிறுத்தச் சொல். கடலில் போனவர்களை மூன்று முறை கூப்பிட்டால் கூடவே வீட்டுக்கு வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். நீ அப்பா என்றே கூப்பிடு. பிறந்ததிலிருந்து நீ யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உரக்கக் கூப்பிடு, உன் குரல் அவருக்குப் பழக்கமில்லை.

அந்தப் போர்வையை உனக்காக வைத்திருக்கிறேன். கடல் உன்னைப் பத்திரமாக விடட்டும். இருவருக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். அவரை அழைத்துக்கொண்டு வா.

துறையில் காத்திருக்கும்
அம்மா