முழங்காலைப் பற்றி எழுதாத கடிதம்

என் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றிய பேச்சு இந்த ஒரு வரியோடு சரி, கீழே எங்கே தேடினாலும் கிடைக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முழங்காலில் மாட்டிக்கொள்ள நீ அனுப்பிய பெல்ட் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று அனுப்பியிருக்கிறாய், எனக்கு இருப்பதே இரண்டு கால்தானே. இது பார்சல் செய்தி, உடம்புச் செய்தி இல்லை.

அந்தப் பார்சலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அன்றைக்கு ஃபோனில் உன்னிடம் எவ்வளவோ சொன்னேன். மாடியில் குடியிருந்த டீச்சர் குடும்பம் காலி செய்துவிட்டது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, கம்பெனியில் புது சூப்பர்வைசர் வந்து என் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து மாற்றிவிட்டார், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, படி ஏறும்போது முழங்கால் லேசாக வலிக்கிறது. நீ முழங்காலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். மீதி நேரமெல்லாம் டாக்டர், எக்ஸ்ரே, மாத்திரைதான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் போன தடவை வந்தபோது உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் வந்தது. கிருமி உள்ளே புகுந்தால் நம் செல் அதன் புரதத்தை நூற்றுக்கணக்கான துண்டுகளாக நறுக்குமாம், அதில் சரியாக நறுக்குப்பட்டு, செல் தன் மேல்புறத்தில் எடுத்துக் காட்டுகிற பள்ளத்தில் நழுவாமல் உட்காருவது கொஞ்சம்தானாம், அந்தக் கொஞ்சத்திலும், கிருமியோடு சண்டை போடுகிற டி செல்கள் இரண்டு மூன்றின் மேல்தான் பாயுமாம், முந்திப் பெருகிய டி செல்கள் மற்றவற்றைத் தலைதூக்க விடாதாம். நான் தலையாட்டினேனே தவிர பாதிதான் புரிந்தது. மீதி, கம்பெனியில் சட்டை செக்கிங் மேஜையில் புரிந்தது. முன்பக்கம் எண்ணெய்க் கறை இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும், அதே சட்டையில் காலர் கோணலாக இருப்பது தெரியாமலே பெட்டிக்குள் போய்விடும். இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்க்கிறேன், எனக்கே அப்படி.

இன்னொன்றும் சொன்னாய். ஒரு தடவை ஒரு துண்டை அடையாளம் கண்ட டி செல் அதை நினைவில் வைத்திருக்கும், அதே கிருமி மறுபடி வந்தால் அந்தத் துண்டைத்தான் முதலில் தேடி ஓடும் என்று. அப்பா நெஞ்சு எரிகிறது என்று ஃபோனில் சொன்னபோது நீ வாயு என்று நினைத்தாய், பக்கத்திலேயே இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் இல்லை. அதிலிருந்து உன் காது என் பேச்சில் நோயைத்தான் முதலில் தேடுகிறது. உன்மேல் குற்றமே இல்லை தங்கம். என் கோபமும் அதோடு போய்விட்டது.

எல்லாம் முதலில் போய்ப் பாயும் அந்தத் துண்டை எடுத்துவிட்டால், அதுவரை சீண்டாமல் விட்ட துண்டின் பக்கம் டி செல்கள் திரும்புவதும் உண்டு என்றாயே, அதனால்தான் உடம்பை எடுத்துவிட்டு எழுதுகிறேன். குழாயைச் சரிசெய்தாயிற்று. மேஜை போட்ட புது இடத்தில் வெளிச்சம் குறைவு, ஒரு விளக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மிச்சம் இருப்பது ஒன்றுதான். டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் வெளியே போய்விட்டு வருவார்கள் என்று வாசல் கதவை எட்டு மணி வரை சாத்தாமலே வைத்திருப்பேன். இப்போது வேலையிலிருந்து வந்ததும் ஆறு மணிக்கே உள்தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். அதற்குமேல் வர ஆள் இல்லை. என்னால் தனியாக இருக்க முடியவில்லை வாலு. இதைத்தான் அன்றைக்கும் சொல்ல வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஆய்வகமே கதி என்று கிடக்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், நன்றாக இரு. மறந்துவிடாதே, ஃபோன் செய்யும்போது முழங்காலைப் பற்றிக் கேட்கக் கூடாது. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல். எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, அன்றைக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா