அதுவும் நம்ம வீடுதானே

ஜூன் 19, வியாழன்

நரிக்குடிப் பையனுக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல். போன தடவை வந்தபோதே அவன் அம்மாவிடம், "வெளியூர் எங்கேயாவது போனீங்களா?" என்று கேட்டேன். "எங்கயும் போகல டாக்டரம்மா" என்றாள். சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்று, "பள்ளிக்கூட லீவுக்கு எங்கே இருந்தீங்க?" என்று மாற்றிக் கேட்டேன்.

"ஒடிசாவுல இவன் அப்பா முறுக்குக் கம்பெனி வச்சிருக்காக. லீவு முழுக்க எல்லாரும் அங்கதான் இருந்தோம். அதுவும் நம்ம வீடுதானே?"

ஒடிசாவில் மலேரியா அதிகம். ரத்தப் பரிசோதனையிலும் மலேரியாதான். உடனே மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நேரே பஸ் ஏறிவிட்டார்கள்.

கண் சொருகுகிறது. படுத்தால் தூக்கம் வரவில்லை. அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதுவும் அந்த ஒடிசா வீட்டிலிருந்து வந்ததுதான். அதன் நெற்றியை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.