ஏழாவது ஆள்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாத்தாவின், அதாவது என் பெரியப்பாவின், போர்க்கால நாட்குறிப்பைப் புத்தகமாக்கித் தருகிறேன் என்றாயே, எந்த மட்டில் இருக்கிறது? அச்சகம் நடத்தும் உனக்கு நம் வீட்டுப் புத்தகத்துக்குத்தான் நேரமில்லை போலும்! நான் வயிற்றில் இருக்கும்போதே போருக்குப் போன அப்பாவைப் பற்றி அதில் நாலு வரியாவது இருக்காதா? எதிரியின் குண்டுக்குப் பலியானார் என்று பெரியப்பா சொன்னதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கண் மங்குவதற்குள் படித்துவிட வேண்டும்.

ஆசையுடன்,
அத்தை

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நாட்குறிப்பில் உங்கள் அப்பாவைப் பற்றிய பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்கிறார் என் அப்பா. "செத்தவர எதுக்கு மறுபடி சாகடிக்கிற?" என்கிறார். உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

படை பின்வாங்கிய நாள். பள்ளிக்கூட வகுப்பறையில் காயம்பட்டு நடக்க முடியாத ஏழு பேர். "எவனும் உயிரோட எதிரி கையில சிக்கக் கூடாது. தோட்டாவ வீணாக்காத" என்று அதிகாரி தாத்தாவிடம் துப்பாக்கி முனைக் கத்தியைக் கொடுத்திருக்கிறார். ஆறு பேரை முடித்திருக்கிறார் தாத்தா. அதில் ஒருவர் பெஞ்சுக் காலைக் கட்டிக்கொண்டு அலறினாராம். விரல்களை மிதித்துப் பிரித்திருக்கிறார். ஏழாவது ஆள் உங்கள் அப்பா. தொடையில்தான் காயம். "அண்ணே, என்னத் தூக்கிட்டுப் போயிரு. கனக்க மாட்டேன்" என்றிருக்கிறார்.

மீதியைத் தாத்தா எழுதியபடியே தருகிறேன்: "முதல் குத்து விலா எலும்பில் வழுக்கியது. கத்தியைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவதில் அடங்கினான். வெளியே வந்து பார்த்தேன். அதிகாரி இல்லை. எப்போதோ ஓடிவிட்டிருந்தார்."

மன்னித்துவிடுங்கள். அச்சிடவா, விடவா?

உங்கள் மருமகள்

ஏப்ரல் 2

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்ததும் பெரியப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, துணி வெட்டும் கத்தரியால் முகம் தெரியாமல் போகும்வரை குத்தினேன்.

அவர்தான் என்னை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். கடைசி மூன்று மாதம் அவருக்கு மலஜலம் எடுத்தது நான். "நீ தொடாதம்மா, நீ தொடாத" என்று அழுவார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் தலையணையை முகத்தில் வைத்து அமுக்கியிருப்பேன்.

அச்சிடு. ஓர் எழுத்துகூடக் குறையக் கூடாது. முதல் பிரதி உன் அப்பாவுக்கு. கிழிக்கச் சொன்ன வாயால் உரக்கப் படிக்கட்டும்.

எனக்கு அனுப்பாதே. இனி கடிதமும் வேண்டாம். உன்மேல் கோபமில்லை. ஹாஸ்டலுக்கு அவர் எழுதிய கடிதங்களில் இருந்த அதே கையெழுத்து உனக்கு. உறையைப் பார்த்தாலே குமட்டுகிறது.

அத்தை