காவல்காரிக்குத் தைத்த செதில்கள்

மச்சாள்,

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவிலிருந்து மேலே ஏறி வந்தால், மூலையில் சப்பாத்துத் திருத்துகிற கடை ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். இன்று காலை வேலைக்குப் போகிற அவசரத்தில் அதன் வாசலைக் கடந்தேன். உள்ளே ஒருவர் சப்பாத்தின் அடிப்பாகத்தில் பசை பூசிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் என்மேல் மோதி, "பார்தோன்" என்றபடி விலகிப் போனார். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பூசவேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடவேண்டும். அதற்குப் பிறகுதான் ஒன்றோடு ஒன்றை வைத்து அழுத்தவேண்டும். எங்கள் குசினியில் எவ்வளவு காலம் இந்த வாசனை நின்றது! உன் அண்ணன் சோற்றிலும் அது மணக்கிறது என்று சண்டை பிடித்தாரே, நினைவிருக்கிறதா?

நீ இருந்தபோது உன்னை நான் "நீ" என்று அழைத்ததில்லை. "நீர்", "உமக்கு" என்றுதான் சொல்வேன். நீ எனக்கு "நீங்கள்" போடுவாய். இருவருக்கும் பொதுவாக இருந்தது "மச்சாள்" என்ற சொல் மட்டும். இப்போது மனதுக்குள் உன்னோடு பேசும்போது "நீ" என்றே வருகிறது. எப்போது அப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்திறங்கிய நாட்களை நினைக்கிறேன். நீ இங்கேயே பிறந்தவள். உன் அம்மா, என் மாமி, தமிழில் கேட்பா, நீ பிரெஞ்சில் பதில் சொல்வாய். எனக்கு "பொன்ஜூர்", "மெர்சி" தவிர வேறொன்றும் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எபினேயில் மாமி வீட்டுக்குச் சாப்பிட வந்தால், நீ "சா வா, மச்சாள்?" என்று சுகம் கேட்பாய். நான் "சா வா" என்பேன். பிறகு இருவரும் சிரித்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். ஒரு வீட்டுப் பெண்கள் நாங்கள், ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரு சனிக்கிழமை, சுருட்டிய ரப்பர்ப் பாய்களைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தாய். "மச்சாள், உங்கடை மெஷின் எனக்கு வேணும்" என்றாய். ரூ பெர்தொனே தெருவில் சீலைக்கடையின் பின்னறையில் நான் சீலைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டிலும் ஒரு தையல் மெஷின் வைத்திருந்தேன். நீ போனை நீட்டிக் காட்டினாய். வீடியோ விளையாட்டு ஒன்றில் வருகிற பெண். உடம்பு முழுக்கக் கவசம், கையில் ஈட்டி, ஒரு மலைக்கோட்டையின் வாசலில் அசையாமல் நின்றாள்.

"இது ஆர்?"

"காவல்காரி. கேமிலை ஒரு இடத்திலைதான் வருவா. நாங்கள் அவவைத் தாண்டிப் போகவேணும்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. எல்லாரும் உள்ளுக்குப் போயிடுவினம். அவ அங்கையே நிப்பா."

விளையாட்டுகளில் வருகிறவர்களைப் போல உடுத்துக்கொண்டு போகிற பெரிய கூட்டம் ஒன்று கோடையில் நடக்கும் என்றும், கையாலேயே உடுப்பும் ஆயுதமும் செய்தவர்களை மேடையேற்றுவார்கள் என்றும் பாதித் தமிழிலும் பாதிப் பிரெஞ்சிலும் விளக்கினாய். அதற்குப் பெயர் கொஸ்பிளே. கதாநாயகியின் உடுப்பைச் செய்தால் என்ன என்று கேட்டேன். "அவவைக் கனபேர் செய்வினம், மச்சாள். இவவை ஒருத்தரும் செய்யிறேல்லை" என்றாய்.

எபினே வீட்டில் இதைச் செய்ய முடியாது. பசை மணம் மாமிக்கு ஆகாது. அதைவிட அந்த உடுப்பே ஆகாது. "கூத்தாடப் போற வயசே உனக்கு? சனம் பாத்தால் என்ன கதைக்கும்?" என்று நீ செய்த முதல் தோள்கவசத்தைக் கண்டதும் மாமி கேட்டா. அதனால் எங்கள் குசினி உனக்குப் பட்டறையானது. நீ மருந்துக்கடை வேலை முடிந்து நேரே வருவாய். சூடான காற்றை ஊதும் கருவியை ரப்பர்ப் பாயின் மேல் பிடிப்பாய். அது இளகி வரும்போது முழங்காலில் வைத்து வளைப்பாய். ஆறியதும் அது இரும்புபோல அந்த வளைவிலேயே நிற்கும். கறுப்புப் பூசி, காய்ந்த தூரிகையால் வெள்ளியை மெல்லத் தடவினால், தட்டிப் பார்க்கும்வரை யாரும் அதை ரப்பர் என்று நம்பமாட்டார்கள். குழாய்க்காரர்கள் போடுகிற பிளாஸ்டிக் குழாயில்தான் ஈட்டி செய்தாய். மெட்ரோவில் கொண்டுபோவதற்காக அதை மூன்று துண்டாகக் கழற்றும்படி செய்திருந்தாய்.

ஒருநாள் நீ தலையில் கைவைத்துக்கொண்டு, "பத்ரோன் சரியில்லை, மச்சாள். வெட்டவேணும்" என்றாய். இங்கே எங்கள் சனம் முதலாளியைத்தானே பத்ரோன் என்கிறது! "ஐயோ, என்ன செய்தவர்? அண்ணையிட்டைச் சொல்லுவம்" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாய். தைப்பதற்கு வெட்டிவைக்கிற காகித அளவுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான் என்று அன்றுதான் அறிந்தேன். அன்றிலிருந்துதான் நாங்கள் உண்மையில் பேசத் தொடங்கினோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பசை, கத்தரிக்கோல், விளிம்பு, மடிப்பு, பொறு, அழுத்து, பயப்படாதே. என் பிரெஞ்சு இந்தச் சொற்களில்தான் தொடங்கியது. நீயும் என்னிடமிருந்து "தையல்", "ஓரம்", "பிசகு" என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாய்.

காவல்காரியின் பாவாடை மீனுடைய செதில்போல அடுக்கடுக்காக மின்னவேண்டும். கடையில் வாங்கிய துணி எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. சட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகளை நான் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொட்டிக் காட்டினேன். சரிகை ஓரம், அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்பச்சை. லா ஷப்பெலில் கலியாணம் கட்டிய எத்தனையோ பெண்களின் துண்டுகள் அந்தப் பையில் கிடந்தன. நீ அவற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு அளைந்தாய். பிறகு வந்த மாதங்களெல்லாம் நீ ரப்பரைச் செதிலாக வெட்ட, நான் அதன்மேல் துணியை இழுத்துத் தைத்தேன். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பாவாடையைத் தூக்கிக் குலுக்கினால் மழை தொடங்குகிறபோது தகரத்தில் கேட்பதுபோல ஒரு சலசலப்பு.

நீ மேடைக்குப் பெயர் கொடுத்தாய், அவர்கள் உன்னை எடுத்தும் விட்டார்கள். மேடை நடக்கிற அதே சனிக்கிழமைதான் உன்னைப் பெண் பார்க்க லண்டன் மாப்பிள்ளை வீட்டார் எபினேக்கு வருகிறார்கள் என்று மாமி சொன்னா. அவர்களுக்கு வேறு நாள் வசதிப்படாதாம். உன் அண்ணன் கதைத்துப் பார்த்தார். நானும் கேட்டேன். மாமி எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. "நான் போனபிறகு இவளுக்கு ஆர் துணை? அதைமட்டும் சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

நீ அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாய். பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செதிலாகத் தடவினாய். "அடுத்த வருஷம் பாப்பம், மச்சாள்" என்றாய். அதற்குப் பிறகு திடீரென்று பிரெஞ்சில் பேசத் தொடங்கினாய். வேகமாக, இடையில் அழுதுகொண்டு, என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு. நீ அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. என்னிடம் இருந்த பிரெஞ்சோ பசையும் கத்தரிக்கோலும். நீ சொன்னதில் என் காதில் தங்கியவை "மா மேர்", என் அம்மா, "ஜமே", ஒருபோதும் இல்லை, "தெத்", தலை. அவ்வளவுதான்.

"எனக்கு விளங்கேல்லை, மச்சாள். தமிழிலை ஒருக்காச் சொல்லும்" என்று உன் கையைப் பிடித்தேன்.

நீ யோசித்தாய். வாயைத் திறந்து மூடினாய். பிறகு கண்ணைத் துடைத்துச் சிரித்து, "ஒண்டுமில்லை, மச்சாள்" என்றாய். அதற்கு உனக்குத் தமிழ் போதவில்லை.

லண்டன்காரர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உடுப்பு எங்கள் அலுமாரிக்குள் போனது. கோடை முடிந்தது. தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், மருந்துக்கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாய் என்று தொலைபேசி வந்தது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது. நீ கண் திறக்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டதை உன் அண்ணன்தான் எங்களுக்குச் சொன்னார். "முந்தி எப்பவாவது தலையிடி எண்டு சொன்னவளோ?"

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றா மாமி.

கோடையில் நீ "தெத்" என்று சொன்னதை நான் சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்து மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். மனம் அலுத்துப்போனாலும் பிரெஞ்சில் அந்தச் சொல்லைத்தான் பாவிப்பார்கள் என்றார். அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது, மதாம் என்றார். நல்ல மனிதர். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்குள் தலையிடி, மன அலுப்பு என்று இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

உன் கடைசிப் பயணத்துக்கு எங்கள் சனத்துக்கு நடுவே பிரெஞ்சுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். நீலத் தலைமயிர், மூக்கில் வளையம், கையில் வெள்ளைப் பூ. அவர்களில் நெட்டையான ஒரு பெண் மாமியின் முன் குனிந்து நின்று பேசினாள். ஒவ்வொரு வருடமும் நீ சாதாரண உடுப்போடு அந்தக் கூட்டத்துக்குப் போய் ஒரு மூலையில் இருப்பாயாம். உடைந்த சிறகு, அறுந்த பட்டி, கழன்ற கொம்பு எதைக் கொண்டுவந்தாலும் பசையும் ஊசியுமாக ஒட்டித் தைத்து மேடைக்கு அனுப்புவாயாம். "உங்கள் மகள் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் மேடையேறியிருக்கமாட்டோம்" என்றாள். வேலைத்தலத்தில் பழகிய பிரெஞ்சில் மாமிக்கு அது விளங்கியது. "இவள் எனக்கு உதெல்லாம் சொல்லேல்லையே" என்று என்னிடம் கேட்டா. எனக்கும் நீ சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கோடையில் அந்தப் பெண் உன் உடுப்பைப் போட்டு மேடையில் நிற்க அனுமதி கேட்டாள். மாமி முதலில் முடியாது என்றா. கொஞ்ச நாள் கழித்து, தானே எனக்குத் தொலைபேசி எடுத்து, "நானும் வாறன் எண்டு சொல்லு" என்றா. கைத்தறிச் சீலையும், கோடையிலும் கழற்றாத குளிர்ச்சட்டையுமாக மாமி அந்த மண்டபத்துக்குள் நடந்து வந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். பறக்கும் நாகமாக உடுத்திருந்த ஒரு பெடியன் தன் சிறகை மடக்கி, "பார்தோன், மதாம்" என்று வழிவிட்டான். மாமி அவனுக்குத் தலையாட்டினா.

காவல்காரி மேடைக்கு வந்து ஒன்றுமே செய்யவில்லை. ஈட்டியை ஊன்றி நின்றாள். வெளிச்சம் பாவாடையில் விழுந்ததும் செதில்கள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. சனம் எழுந்து நின்று கைதட்டியது. மாமி என் முழங்கையைப் பிடித்தா.

"பிள்ளை, உந்த அரக்கு என்ரை சட்டைத் துணியெல்லோ?"

"ஓம் மாமி. உங்களுக்குத் தைச்சதிலை மிஞ்சினது."

தெரிந்துதான் எடுத்தாயா, நிறத்துக்காக எடுத்தாயா என்று மாமி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. மேடை இருண்டபிறகும் மாமி அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றா. "இதுக்கோ நான் மறிச்சனான்" என்று மெதுவாகச் சொன்னா. இப்போது உடுப்பு எபினேயில், உன் அறையில் இருக்கிறது. மாமி அதைத் தொடுவதில்லை. தூசி தட்டுவது மட்டும்தான்.

நான் இப்போது பள்ளிக்கூடச் சாப்பாட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். என் பிரெஞ்சைக் கேட்டால் எபினேயில் பிறந்தவள் என்று நினைக்கிறார்களாம். சொற்களை விழுங்குகிற விதம், கோபம் வரும்போது வாக்கியத்தின் கடைசியை இழுக்கிற விதம் எல்லாம் நீதான். உன் வாயைப் பார்த்து நான் கற்றுக்கொண்ட மொழி அது. பிள்ளைகளை அதட்டும்போது என் வாயிலிருந்து உன் குரல் வருகிறது. சிலவேளை அதட்டியதை மறந்து அப்படியே நின்றுவிடுகிறேன்.

போன கிழமை பன்னிரண்டாம் இலக்க மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி அழுதுகொண்டு, மற்றவளைப் பார்க்காமல், வேகவேகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். தான் எதற்கும் சரி சரி என்றே சொல்லிப் பழகிவிட்டதாகவும், தனக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை என்றும் சொன்னாள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லும் தப்பாமல் எனக்கு விளங்கியது. அவள் விம்மலில் விழுங்கியதுகூட விளங்கியது.

இறங்கி நடக்கும்போது அவள் சொன்னதையெல்லாம் உன் குரலில் வைத்துப் பார்த்தேன். அன்று நீ சொன்னதும் இதுதானோ என்று. இல்லை, மச்சாள். அது அவளுடைய கதை. உன்னுடையதில் என்னிடம் இருப்பது மூன்று சொற்கள்தான். அம்மா, ஒருபோதும் இல்லை, தலை. அவற்றுக்கு நடுவே நீ சொன்னதெல்லாம் என் காதுக்குள் வெறும் சத்தமாகக் கிடக்கிறது, ஏற்ற இறக்கத்தோடு, அழுகையோடு, அப்படியே. இவ்வளவு பிரெஞ்சு தெரிந்த பிறகும் அதை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.